யாருக்குக் கொழுப்பு

இந்தக் கதையை நான் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். இது என்ன புத்தி என்று எனக்கே தெரியவில்லை. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். கூட்டம் வடியாமல் பஸ் உள்ளே வராது. உட்காருங்கள். அந்தப் பீப்பாயின்மேல் வேண்டாம், டீசல் கறை, வெள்ளை வேட்டி வீணாகிவிடும். இந்த ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் பல்லக்கு அந்த உடைந்த மதிலுக்குப் பக்கத்தில் வந்ததும் மேளமும் நாயனமும் ஏன் நின்றன, மதில் முடிந்ததும் ஏன் மறுபடி ஆரம்பித்தன, இதுதானே உங்கள் கேள்வி? மாசி மகத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. மதிலுக்கு உள்ளே ஒரு சித்தர் அடங்கியிருக்கிறார் என்று சுண்டல் விற்கிறவன் சொல்வான். அந்த இடத்தில் அம்மனுக்கு மௌன விரதம் என்று பூசாரி சொல்வார். முழுகாமல் இருக்கிற பெண்கள் அந்தக் கேட்டில் வளையல் கட்டிவிட்டுப் போனார்களே, பார்த்தீர்களா? வாயைத் திறக்காமல் மதில் நீளத்துக்கும் நடந்தால் பிள்ளை குறையில்லாமல் பிறக்குமாம். உள்ளே எட்டிப் பார்த்தால் என்ன இருக்கிறது தெரியுமா? வெடித்துப்போன சிமெண்டுத் தொட்டிகள். அவற்றில் முளைத்த வேலிக்காத்தான். அதன் காயைத் தின்கிற ஆடுகள். அந்த ஆடுகளுக்கு மட்டும் இன்னும் யாரும் மௌன விரதம் சொல்லிக்கொடுக்கவில்லை.

அது மீன்குஞ்சு பொரிக்கிற பண்ணையாக இருந்தது. ஊரில் குஞ்சுக் கம்பெனி என்போம். கோதண்டராமன் என்று சென்னைக்காரர் ஒருவர் கட்டினார். முதலில் இறால் குஞ்சு விட்டுப் பார்த்தார், நோய் வந்தது. பிறகு கொடுவா மீனுக்கு மாறினார். கடல் அங்கேயே கிடக்க, அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்து, வடிகட்டி, மருந்து போட்டு, கடலில் தானாக வளர்கிற மீனைத் தொட்டியில் வளர்க்கிறார் என்று எங்கள் ஆட்கள் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். தொட்டி தேய்க்கப் பெண்களை வேலைக்குக் கூப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவரவர் வீட்டுப் பெண்ணை உள்ளே அனுப்ப அவரவர் அலைந்தார்கள்.

என் மனைவியின் தம்பி உத்திராபதிக்கு அங்கே வேலை கிடைத்தது. குஞ்சுகளுக்குத் தீனி கலக்குகிற வேலை. முழங்கால் வரைக்கும் வெள்ளை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். அந்தப் பூட்ஸோடுதான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான். கம்பெனியில் அவனுக்கென்று ஓர் அறை இருந்தது, அதில் படுக்க மட்டும் போவான். சோற்றில் கை வைத்ததும் பாடம் ஆரம்பமாகும். நாங்கள் தலைமுறையாகக் கடலில் கிடப்பவர்கள். அவன் அன்றைக்குக் காலையில்தான் கடலைக் கண்டுபிடித்த மாதிரி எங்களுக்கு விளக்குவான்.

பொரித்த கொடுவாக் குஞ்சு கண் இமை முடியில் பாதி இருக்குமாம். அது செத்த தீனியைத் தொடாதாம், எதிரில் ஏதாவது துடித்தால்தான் கவ்வுமாம். அதற்காக ஆர்ட்டிமியா என்று ஒரு பூச்சி. அதன் முட்டை டப்பாவில் காய்ந்து காபித் தூள் மாதிரி வரும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் மறுநாள் செம்மஞ்சளாகப் பொரிந்து நீந்தும். அதை அப்படியே குஞ்சுக்குக் கொடுத்தால் போதாது. அந்தப் பூச்சிக்கு முதலில் மீன் எண்ணெயை ஊட்ட வேண்டும். எண்ணெயை முட்டைக் கருவோடு சேர்த்து மிக்ஸியில் அடித்து, பால் மாதிரி ஆக்கி, பூச்சி இருக்கிற தண்ணீரில் ஊற்றி வைப்பார்கள். பூச்சி குடித்துக் குடித்து உப்பும். பிறகு அதைக் குஞ்சு தின்னும்.

"பூச்சி ஒரு டிபன் பாக்ஸ் மாமா. டிபன் பாக்ஸைத் தின்னா பசி போவுமா? உள்ள சோறு வைக்கணும். அந்த எண்ணெதான் சோறு" என்பான்.

நல்ல உவமைதான். அதற்காக என்னைக் குறை சொல்லாதீர்கள், அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை அது.

அந்த எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வரும். சின்ன டப்பா, மேலே மீன் படம். குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி உத்திராபதியிடம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், அந்த எண்ணெய் குஞ்சுக்கு மூளையிலும் கண்ணிலும் போய்த்தான் சேருமாம், மனுஷப் பிள்ளைக்கும் அப்படித்தானாம். என் மனைவி பரிமாறிய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் பெண் தமயந்திக்கு அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரிட்சை.

மறுநாளே ஒரு டானிக் பாட்டிலில் எண்ணெய் வந்துவிட்டது. தமயந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்குவாள். அதற்குப் பிறகு அவள் ஏப்பம் விட்டால் வலை காயப்போட்ட நாற்றம் வரும். நினைத்துப் பாருங்கள். மத்தி மீனும் காரப்பொடி மீனும் நாள் தவறாமல் வேகிற வீடு. அதே மாதிரி மீனைப் பிழிந்த எண்ணெயை எங்கிருந்தோ வரவழைத்து, ஒரு கரண்டி குடித்தால் மூளை வளரும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். எங்கள் வீடு மட்டுமா? பரிட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிற சொந்தக்கார வீடெல்லாம் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றது. மூளை எண்ணெய் என்று பேரே வைத்துவிட்டார்கள். உத்திராபதி போகிற வீட்டிலெல்லாம் அவனுக்கு அவித்த முட்டையும் காபியும். என் மனைவி தம்பியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். ரேஷன் பாமாயில் எங்களுக்கு ஆகாது, நெஞ்சு கரிக்கும். அவன் கேட்டான் என்று அந்தப் பாக்கெட்டுகளை அவன் பையில் போட்டு அனுப்புவாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஆளைப் பார்த்தால் ஏதோ சம்பந்தி வீட்டுச் சீர் தூக்கிப் போகிறவன் மாதிரி இருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் படிக்கிறாள், தாய்மாமன் ஆசையாகக் கொண்டுவருகிறான், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? தமயந்தி பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினாள். இப்போது புனேயில் பெரிய வேலை. அது அவள் படித்த படிப்பு. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, மேளம் நின்ற காரணத்துக்கு வருகிறேன். அது ஒரு வேட்டில் ஆரம்பித்தது.

அம்மன் தீர்த்தவாரிக்குக் கடற்கரையில் இறங்குகிற இடத்தில் முதல் அதிர்வேட்டு போடுகிற உரிமை எட்டியப்பன் வீட்டுக்கு இருந்தது. அவன் அப்பன் போட்டான், அதற்குப் பிறகு அவன். ஆள் கறுப்பாக, கட்டையாக இருப்பான். பேச்சு யாருக்கும் அடங்காது. கடலில் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவன் வேட்டு போட்டால் மணல் அதிரும், குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். குஞ்சுக் கம்பெனி வந்த பிறகும் அவன் இரண்டு மூன்று மாசி மகத்துக்கு அதே இடத்தில்தான் போட்டான். ஒன்றும் ஆகவில்லை.

தமயந்தி பரிட்சை எழுதிய அந்த வருஷம், வேட்டு போட்ட அன்றைக்கே கம்பெனியில் குஞ்சுகள் செத்தன. ஒன்றிரண்டு தொட்டி இல்லை, எல்லாத் தொட்டியிலும். உள்ளே இருந்து பார்த்தவன் ஒருத்தன்தான். உத்திராபதி.

அவன் சொன்னது இது. முதல் வேட்டுச் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் ஒரு துள்ளு துள்ளின. பிறகு விறைத்துப்போய், பம்பரம் மாதிரி சுற்றி, அப்படியே அடியில் படிந்தன. சில மறுபடி எழுந்தன. அடுத்த வேட்டுக்கு அவையும் போய்விட்டன. "என் கண்ணால பார்த்தேன் மாமா. மயக்கம் போட்ட மாதிரி விழுந்திச்சுங்க" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதான். பூட்ஸைக் கழற்றாமலேதான் அழுதான்.

கோதண்டராமன் ஊரைக் கூட்டச் சொன்னார். பெரிய மனுஷர், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். லட்சக்கணக்கான உயிர் என்றார். இப்படி நடந்தால் கம்பெனியை மூடிவிட்டுப் போகிறேன் என்றார். எத்தனை வீட்டுப் பெண்கள் அங்கே சம்பளம் வாங்குகிறார்கள் என்று கணக்குப் போட்ட ஊருக்கு அதற்கப்புறம் வேறு எதுவும் காதில் விழவில்லை. உத்திராபதியைக் கேட்டார்கள். அவன் பார்த்ததைச் சொன்னான். எட்டியப்பனைக் கேட்டார்கள்.

"என் வேட்டுச் சத்தத்துக்குச் சாவுற மீனு, நாளைக்குக் கடல்ல இடி இடிச்சா என்னய்யா செய்யும்? காதுல பஞ்சு வச்சிக்குமா?" என்றான் அவன்.

கூட்டம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று. ஊர் கூடி விசாரிக்கும்போது ஊரைச் சிரிக்க வைக்கிறவனை ஊர் மன்னிக்காது. சபையில் விழுந்து எழுந்திரு, முடிந்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சாமிக்கு வேட்டு போட்டேன். அதுக்கு எவன் கால்லயும் விழ மாட்டேன்."

"பாத்தீங்களா கொழுப்பை" என்றார் ஒருவர். "உடம்பு பூராவும் கொழுப்பு" என்றார் இன்னொருவர். அன்றைக்கு எல்லோர் வாயிலும் அந்த ஒரு வார்த்தைதான். கொழுப்பு. அவன் கொழுப்பை அடக்குவதாக நினைத்துக்கொண்டு ஊர் முடிவு சொன்னது. வேட்டு உரிமை போயிற்று. மதில் நீளத்துக்கு மேளமும் கூடாது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரார் போகக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிற நான்கு நாட்டாரில் நானும் ஒருவன், குரல் எட்டும் என்பதால் தீர்ப்பை என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சொல்வது வேறு, தீர்ப்பது வேறு. உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன்.

எட்டியப்பன் குடும்பத்தோடு பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்விட்டான். அவன் பெண் தில்லைக்கொடிக்கும் என் பெண்ணுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பரிட்சைக்கு முன்னாலேயே போனார்கள், அதனால் அவள் எழுதவில்லை.

கம்பெனிக்கு அமைதி கிடைத்தது. கிடைத்து என்ன? வேட்டும் இல்லை, மேளமும் இல்லை, அடுத்து பொரித்த குஞ்சுகளும் செத்தன. வாளியில் அள்ளித் தொட்டி மாற்றும்போது செத்தன, விளக்கைப் போட்டால் செத்தன. அப்போது தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். தண்ணீர் சபைக்கு வந்து வாய்ப்பேச்சு பேசவில்லை, அதனால் அதற்குத் தண்டனை இல்லை. கோதண்டராமன் ஒருநாள் மோட்டாரையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெண்களுக்கு வேலையும் போயிற்று. மௌனம் மட்டும் நிலைத்தது. எங்கள் ஊரில் காரணம் செத்துப்போனாலும் கட்டுப்பாடு சாகாது. அதற்குச் சித்தரைக் கூட்டிவந்து உட்காரவைத்து விடுவோம்.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. சொல்லட்டுமா? முதலில் எட்டியப்பன் வீட்டை "கம்பெனிக் குஞ்சைக் கொன்ன வீடு" என்றார்கள். நாளாவட்டத்தில் கம்பெனி என்கிற வார்த்தை உதிர்ந்துவிட்டது. "குஞ்சைக் கொன்ன வீடு." நம் பேச்சில் குஞ்சு என்றால் மீனும்தான், பிள்ளையும்தான். கம்பெனியைப் பார்த்தே இராத ஊர்க்காரர்கள், அந்த வீட்டில் யாரோ பச்சைப் பிள்ளையைக் கொன்றிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். முழுகாமல் இருக்கிற பெண்கள் அந்த வீட்டுக்காரர்கள் எதிரில் வந்தால் விலகிப் போகிறார்களாம். ஒருபக்கம் மதிலில் வளையல் கட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் அந்தக் குடும்பத்தைக் கண்டு ஒதுங்குகிறார்கள். இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு பிள்ளைகள்.

பொய் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றுமில்லை. சந்தேகம்தான் இருந்தது. அந்தத் தொட்டிகளுக்கு ஒட்டினாற்போல ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். கரண்டு போனால் அது கத்துகிற கத்தலில் கடற்கரையில் பேசுகிறது கேட்காது. அதற்குச் சாகாத குஞ்சு வேட்டுக்கு மட்டும் எப்படிச் செத்தது? ஐப்பசியில் இடி இடித்ததே? முந்தின வருஷங்களில் வேட்டு போட்டானே? தனியாகப் படுத்திருக்கும்போது இதையெல்லாம் எனக்குள் கேட்டுக்கொள்வேன். காலையில் எழுந்து யாராவது கேட்டால், வேட்டுச் சத்தத்தில் குஞ்சு செத்த கதையைச் சொல்வேன்.

உத்திராபதியிடம் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? மனைவியின் தம்பி. வீட்டுக்கு வருவதே சாப்பிடத்தான். சாப்பிடுகிறவனிடம் எப்படிக் கேட்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இப்போது நெல்லூர்ப் பக்கம் இறால் தீனி விற்கிறான். காரில் வருகிறான். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் வந்து அந்தக் கதையைச் சொல்கிறான். ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கும். முதலில் குஞ்சுகள் துள்ளின. பிறகு தொட்டிக்கு வெளியே வந்து விழுந்தன. ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது குஞ்சுகளின் கண் வெளியே பிதுங்கிவிட்டது. இமை முடியில் பாதி இருக்கிற குஞ்சுக்குக் கண் பிதுங்கியதை இவன் எதை வைத்துப் பார்த்தான்? ஆனால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவன் வளர்த்த குஞ்சுகளிலேயே நன்றாக வளர்ந்தது இந்தக் கதைதான்.

போன மாதம் எங்கள் சங்கத்துக் கட்டடத்தில் ஒரு பயிற்சி நடந்தது. முகத்துவாரத்தில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்ப்பது எப்படி என்று. டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்று எல்லோரும் போனோம். பயிற்சி கொடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். அவளுடைய குரல் பின்வரிசைக்கு வரவில்லை, மைக்கும் வேலை செய்யவில்லை, பாதிப்பேர் பிஸ்கட்டை முடித்துவிட்டு எழுந்துபோனார்கள். அவள் இரண்டு கண்ணாடித் தொட்டிகளை மேஜைமேல் வைத்திருந்தாள். இரண்டிலும் குஞ்சுகள். ஒரே வயசு, ஒரே அளவு.

பேனாவின் பின்பக்கத்தால் முதல் தொட்டியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். குஞ்சுகள் சிதறி ஓடி, மறுபடி கூடின. இரண்டாவது தொட்டியில் அதே மாதிரி தட்டினாள். ஒரு துள்ளு துள்ளின. விறைத்தன. பம்பரம் மாதிரி சுற்றின. அடியில் படிந்தன.

பேனாவுக்கு, சார். அதிர்வேட்டுக்கு இல்லை. பேனாவுக்கு.

நான் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டேன். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தீனியில் கலந்த எண்ணெய்தான் வித்தியாசம் என்றாள். முதல் தொட்டிக் குஞ்சுகளின் பூச்சிக்கு மீன் எண்ணெய் ஊட்டியிருக்கிறார்கள். இரண்டாவதற்குச் சமையல் எண்ணெய். "எண்ணெய் குடுத்தா சரிதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கொழுப்பெல்லாம் ஒரே கொழுப்பு இல்லைங்க ஐயா" என்றாள். கடல் மீனின் மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய கொழுப்பு கடலிலிருந்துதான் வர வேண்டுமாம். குஞ்சு அதைத் தானே செய்துகொள்ளாதாம். அது இல்லாவிட்டாலும் குஞ்சு தின்னும், வயிறு புடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே நரம்பில் பிடிமானம் இருக்காது. ஒரு தட்டு, ஒரு வெளிச்சம், வலையில் ஒரு தூக்கு, அவ்வளவுதான்.

கொழுப்பு! ஊர் கூடி எட்டியப்பனைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு அதிகம் என்று சொன்னோம். இல்லாமல் போனது குஞ்சுக்கு.

அப்போதுகூட எனக்கு முழுதாக ஓடவில்லை. வெளிநாட்டு எண்ணெய்தான் வந்ததே, டப்பாவை நானே பார்த்தேனே, குஞ்சுகளுக்கு மீன் எண்ணெய்தானே ஊட்டினான்? அப்படியானால் மறுபடி வேட்டுதானா? இப்படியே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எட்டியப்பன் பெண் தில்லைக்கொடி என்னைத் தேடி இந்த டீசல் பங்க்குக்கு வந்தாள். இதே இடத்தில் நின்றாள். அவள் தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார், "குஞ்சைக் கொன்ன வீடாமே" என்று தட்டை மாற்றுகிற நாளில் வராமல் இருந்துவிட்டார்களாம்.

"பெரியப்பா, எனக்குப் பரிச்சை போச்சு. அதை நான் கேக்க வரல" என்றாள். "மாசி மகத்தன்னைக்குச் சாயங்காலம் ஊர் கூடும்போது, எங்கப்பா குத்தம் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லன்னா, செஞ்சாருன்னு பாத்தவரு இன்னொரு தடவை எங்க முன்னால வந்து சொல்லட்டும். நாங்க கேட்டுக்கிறோம்."

அதனால்தான் இன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் இருக்கிறது. நீங்கள் தண்ணீரோரம் தலையில் துண்டு போட்டுக்கொண்டு தனியாக நின்ற ஒரு கிழவரைப் பார்த்திருப்பீர்கள். எட்டியப்பன்தான். பல்லக்கு கடலில் இறங்கியபோது எல்லோரும் கும்பிட்டார்கள். அவன் கும்பிடவில்லை, வேட்டு போடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொழுப்பு அடங்கவில்லை என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

உத்திராபதி நேற்றே வந்துவிட்டான். சாயங்காலம் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஒரே பெருமை. இன்று காலையில் பல்லக்கு புறப்படுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தான். இடியாப்பமும் மீன் குழம்பும். தமயந்தி புருஷனோடு திருவிழாவுக்கு வந்திருக்கிறாள், அவள்தான் பரிமாறினாள். இவன் அவள் புருஷனிடம் கதையை ஒருதரம் ஒத்திகை பார்த்தான். குஞ்சு துள்ளியது, சுற்றியது, கண் பிதுங்கியது எல்லாம் வந்தது. இந்த வருஷத்துக்குப் புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது.

"வெடிமருந்துச் சாம்பல் காத்துல வந்து விழுந்திருக்கு மாப்ள. தீனி கலக்குற வாளி ஓரம் பூரா வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா படிஞ்சு கெடந்துச்சு. என் கையால வழிச்சுப் போட்டேன்."

தமயந்தி குழம்புக் கரண்டியோடு நின்றாள். "வெடிமருந்துச் சாம்பல் கறுப்பால்ல இருக்கும் மாமா?" என்றாள்.

"அது நாட்டு மருந்தும்மா. வெள்ளையாத்தான் இருக்கும்" என்றான் அவன்.

அந்த நேரத்தில்தான் சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். தம்பிக்கு அப்பளம் பொரிக்கப் போயிருக்கிறாள். நல்ல எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். "ரேஷன் பாமாயில்தான் இருக்கு, அதுவும் பனியில உறைஞ்சு வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டா கெடக்கு. செத்த இரு, உருக்கிப் பொரிக்கிறேன்" என்றாள்.

உத்திராபதியின் கை இடியாப்பத்தில் நின்றுவிட்டது. நான் பார்த்தேன். வேறு யாராவது பார்த்தார்களா தெரியாது. தமயந்தி என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் அந்த எண்ணெயை விழுங்கிவிட்டு, மூக்கைப் பிடித்தபடி என்னைப் பார்ப்பாளே, அதே மாதிரி.

வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. நான் கிளம்பியிருக்க வேண்டும். நாட்டார் போகாமல் பல்லக்கைத் தூக்க மாட்டார்கள். ஆனால் நான் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று இருந்தேனே, எத்தனை பெரிய பெரிய கேள்வியாக யோசித்து வைத்திருந்தேன்! கேட்க வேண்டியது இவ்வளவு சின்னதாக இருந்தது.

"ஏம்ப்பா உத்திராபதி, மூணு வேளையும் எங்க வீட்லதானே சாப்ட்ட. அப்ப எங்க வீட்டுப் பாமாயிலை வாங்கிட்டுப் போயி எதைப் பொரிச்ச?"